மேற்குச் சுவரில் ஒரு கண்மாய்

தண்ணீரை வரையத் தொடங்குமுன் அனிட்டா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்கிறார். அவர் நிற்பது புதிதாக டைல்ஸ் பதித்த தரை. தண்ணீர் என்று அங்கே இருப்பது பிரஷ் கழுவும் டப்பாவில் உள்ளதுதான். வானம் வரையும்போது சேலை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மரம் வரையும்போதும் அப்படியே. 'இனிமே தண்ணி' என்று அவர் மனத்துக்குள் முடிவானதும் இடது கை தானாகக் கொசுவத்தைப் பிடித்துத் தூக்குகிறது. "ஏன் செருகுறீங்க?" என்று கேட்டேன். "எத சார்?" என்று குனிந்து பார்த்தவர் வெட்கப்பட்டு இறக்கிவிட்டார். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் சேலை மறுபடி மேலே ஏறியிருந்தது.

அனிட்டாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஊர் தங்கச்சிமடம். படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பது, பெயர் எழுதுவது, கேட்டால் படமும் போட்டுத் தருவது தொழில். கணவர் வியாகுலம் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் அனிட்டா வேலைக்கு உட்காருவார். அந்தச் சட்டையின் சொந்த நிறம் என்னவென்று இப்போது வியாகுலத்துக்கே நினைவில்லை. வேலை நேரத்தில் அனிட்டாவின் பல்லிடுக்கில் குறுக்கே ஒரு மெல்லிய பிரஷ் இருக்கும். அதை வைத்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், செல்போனில் மகளைத் திட்டுவார். பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். கரையில் அவரைத் தெரிந்தவர்கள் அப்போது கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்கள்.

டப்பாவின் மேல் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. நிறங்களுக்கு அவரிடம் சொந்தப் பெயர்கள் இருக்கின்றன. வாடைக்காற்று மாதங்களில் கடல் காட்டும் நிறம் 'வாட நீலம்'. தென்மேற்குக் கச்சான் காற்றில் கலங்கிப்போனால் 'கச்சாம் பச்ச'. காற்றே இல்லாத காலைக் கடலுக்குத் 'தூங்குமூஞ்சி வெள்ள'. பெயின்ட் கடைக்காரர் ஃபஹத் இந்தப் பாஷையைப் பழகிக்கொண்டுவிட்டார். "தூங்குமூஞ்சி தீந்துபோச்சுக்கா, நாளைக்கு வந்துரும்" என்று அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

பெண்கள் படகில் ஏறக்கூடாது என்று சொல்கிற குடும்பங்கள் அந்தக் கரையில் இன்னும் இருக்கின்றன. அனிட்டா அதற்காகச் சண்டைக்குப் போவதில்லை. ஏணியைச் சாத்தி, அலை வந்து கால் நனைக்கிற மணலில் நின்றபடியே வெளிப்பக்கம் முழுவதையும் முடித்துவிடுவார். உட்பக்கத்துக்கு வியாகுலம் இறங்க வேண்டும். "வெளிய மின்னுறது என்னது, உள்ள நாறுறது அவுகளது" என்று பங்கு பிரித்துச் சொன்னார். பக்கத்தில் கிழிந்த வலையைக் கொத்தித் தைத்துக்கொண்டிருந்த வியாகுலம் அதை மறுக்கவில்லை.

படகுகளுக்கெல்லாம் பெயின்ட் ஏறுவது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். சித்திரை, வைகாசி வெயிலில் கரை முழுவதும் படகுகள் ஏறி நிற்கும். அனிட்டாவுக்கு வருஷச் சோறு அந்த வெயிலில்தான் வேகிறது. ஆனால் முதல் வேலை அடிப்பதல்ல, சுரண்டுவது.

"போன வருசம் நான் போட்டதத்தான் நானே சொரண்டுவேன் சார். உப்புல வெந்து பொரிப்பொரியா நிக்கும். வில்பிரட்டு அண்ணன் படகுல மாதா படம் ஒண்ணு போட்டேன். கண்ணு அம்புட்டு அழகா அமைஞ்சிருச்சு, ஊரே வந்து பாத்துச்சு. மறு வருசம் அந்தக் கண்ணையும் நாந்தான் சொரண்டுனேன்."

"கஷ்டமா இல்லையா?"

"சொரண்டலைன்னா புதுப் பெயின்ட் ஒட்டாதுல்ல." சுரண்டும் தகட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆனதுலருந்து போடுறேன். நான் போட்டதுல ஒண்ணுகூட இன்னைக்கி இந்த ஒலகத்துல இல்ல." அதைச் சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில்தான் சொன்னார்.

எனக்கும் இந்த அம்மாவுக்கும் பழக்கம் ஏற்பட்டது என் மனைவியின் அண்ணன் நாகநாதனால். நயினார்கோவில் பக்கம் நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி. நான் ராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் அரசு ஊழியனை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்கள். அந்தக் காட்டுக்குத் தானாக விரும்பி வந்து பெண்ணும் கட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மைத்துனர் பழைய வீட்டுக்கு அருகிலேயே, ஊர்ப் பாசனக் கண்மாயின் கரை முடிகிற மேட்டில், புதிதாக மாடிவீடு கட்டினார். பழைய வீட்டின் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிரே கண்மாய். புது வீட்டுக்கு வாஸ்து பார்க்க வந்தவர் மேற்கே ஜன்னலே கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், சுவர் நின்றுவிட்டது. கண்மாய் இப்போது ஹாலின் மேற்குச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது.

மைத்துனரின் மனைவி நாகலெட்சுமி அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. "கண்மாய ஒரு பார்வ பாக்காம நான் அடுப்புப் பத்தவச்சதில்ல தம்பி. தண்ணி கெடந்தாலும் பாப்பேன், காஞ்சு கெடந்தாலும் பாப்பேன். இனி யாரு மூஞ்சியில முழிக்க?" என்றார். என் மைத்துனர், "ஏன், எம் மூஞ்சி இல்லையா?" என்று கேட்டார்.

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில் தங்கச்சிமடத்துக் கரையில் அக்கா ஒரு படகைப் பார்த்தார். அதன் முன்மூக்கில் இரண்டு கூழைக்கடாக்கள் அலகுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மீனைத் தின்கிற பறவையை மீன்பிடிப் படகில் வரைந்தால் எப்படி என்று படகுக்காரர் முதலில் சண்டை பிடித்தாராம். அந்த வருஷம் மீன்பாடு நன்றாக அமைந்ததால் விட்டுவிட்டார். எங்கள் கண்மாயில் தண்ணீர் நிற்கிற வருஷம் வந்து இறங்குவதும் இதே கூழைக்கடாதான். அக்கா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி விசாரித்தார். மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாவிட்டால் போகட்டும், ஜன்னலில் தெரிய வேண்டியது தெரிந்தால் போதும் என்பது அவருடைய கணக்கு.

அனிட்டா கேட்ட முதல் கேள்வி கூலி பற்றியதல்ல. "செவுத்துக்கு உப்பு படாதுல்லக்கா?" என்று கேட்டார். படாது என்றார் அக்கா. "வருசா வருசம் வெள்ளையடிப்பீகளா?" படம் இருக்கிற சுவரில் யாராவது வெள்ளையடிப்பார்களா என்றார் அக்கா. அவ்வளவுதான். வைகாசிக் கடைசியில் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. சரியாகத் தடைக்காலம். அனிட்டா கைவசம் இருந்த இரண்டு படகுகளை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார். வியாகுலத்துக்கு இது பிடிக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. சுரண்ட வேண்டாத படம் ஒன்று தன் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒரு மனுஷிக்குத் தோன்றினால் அதைக் கணவனுக்கு விளங்கவைப்பது சிரமம்தான்.

அவர் வந்த அன்று கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடிய தடம் இருந்தது. அனிட்டா செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு உள்ளே இறங்கி, வெடித்துக் கிடந்த மண்ணில் பாதத்தை அழுத்திப் பார்த்தார். "கால் நனையாமத் தண்ணி வரைஞ்சதே இல்ல" என்றார். பிறகு, "தண்ணி எம்புட்டு நிக்கும்?" என்று கேட்டார். நாகலெட்சுமி அக்கா கையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். மைத்துனர் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படம் மளமளவென்று வளர்ந்தது. சுவர் நெடுகத் தண்ணீர். நீலத்துக்குள் பச்சை, பச்சைக்குள் வெளிச்சம், சின்னச் சின்ன அலைகள், அவற்றின் நுனியில் வெள்ளைப் பிசிறு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "அடேயப்பா, கடலு மாதிரியே இருக்கே" என்றார் அண்டை வீட்டு முருகலட்சுமி. அனிட்டாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வாயில் பிரஷோடு சிரித்தார். நான்கூடக் கடல் மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

நாகலெட்சுமி அக்கா மட்டும் அடுப்படி வாசல்வரை பின்னால் போய் நின்று பார்த்தார். கடைசியில், "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா இது கடலுல்ல?" என்றார்.

அப்புறம்தான் எல்லோருக்கும் கண் திறந்தது. மைத்துனர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். "அக்கரையக் காணமே? கண்மாய்னா அந்தப் பக்கம் கர தெரியணும்."

"எங்க பக்கம் அக்கர கெடையாதுண்ணே" என்றார் அனிட்டா.

"சரி, இங்கன பாரு. தண்ணிக்கும் புல்லுக்கும் நடுவுல எதுக்கு இப்பிடி மொட்டையா மணல்?"

"உப்பு படுமுல்ல? தண்ணி ஓரத்துல எப்பிடிண்ணே மொளைக்கும்?"

மைத்துனர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் பரவாயில்லை. தண்ணீர் ஓரத்தில்தான் முளைக்கும் என்று ஒரு மனுஷிக்குச் சொல்லவேண்டியிருக்கும் என அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் வயல் தண்ணீரால் பிழைப்பது. அவர் பார்த்த தண்ணீர் எல்லாம் குடிக்கிற தண்ணீர். அனிட்டா பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீர் பக்கத்தில் எதையும் பச்சையாக விட்டுவைத்ததில்லை. இரண்டு பேரும் ஒரே மாவட்டம், ஒரே ரேஷன் கார்டு நிறம்.

"ஒத்து வரலைன்னா வெள்ளையடிச்சுட்டு ஒரு சாமி படத்த மாட்டிருவோம் தாயி. பால்காய்ப்புக்கு வாரவுக இது என்னாது, நீ என்ன கடக்கரையில மண்டபத்துக்கா குடிபோறேன்னு கேப்பாக" என்றார் மைத்துனர். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சுவர் அவருடையது, பால்காய்ப்பும் அவருடையது.

அனிட்டா பிரஷை வாயிலிருந்து எடுத்தார். சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். பையைத் திறந்து, படகு சுரண்டும் தகட்டை எடுத்தார். "கொஞ்சம் திருத்தினாப் போதாதா? முழுசாவா சுரண்டணும்?" என்றேன்.

"கீழ இருக்கிறது கடலு சார். மேல என்ன பூசினாலும் அதுதான் தெரியும்." இரண்டு இழுப்பு இழுத்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "சொரண்டுறது புதுசா எனக்கு? ஆனா செவுத்துலயும் சொரண்டுவேன்னு நெனக்கல."

சுரண்டி முடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்ட பின் அவர் அக்காவிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டார். இருவருமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்க் கண்மாய்க்குள் இறங்கினார்கள். அக்கா வெடிப்பில் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அனிட்டா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையால் கலக்கினார். பால் கொஞ்சமாக ஊற்றிய சுக்குக்காப்பியின் நிறத்தில் ஒரு சிறு குட்டை உண்டானது. மண் அதைக் குடித்து முடிப்பதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டார், முகர்ந்தும் பார்த்தார். அன்று மாலை ஃபஹத்துக்குப் போன் போட்டு 'கொடத்து மண்ணு' என்று ஒரு புது நிறம் கேட்டார். என்னென்ன கலக்க வேண்டும் என்று போனிலேயே அரை மணி நேரம் பேச்சு நடந்தது.

இரண்டாவது படத்தில் முதலில் கரை வந்தது. வளைந்து போகிற கரை, அதன்மேல் பனைகள். பிறகு வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை. அதற்கப்பால் கலுங்கு, அதாவது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு. தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்கள்தான் அவரை ரொம்பப் படுத்தின. "மரம் தண்ணிக்குள்ள நின்னாச் செத்துப்போகாதா?" என்று அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா செல்போனில் ஒரு பழைய வருஷத்துப் படத்தைக் காட்டினார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற மரத்தின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. அனிட்டா சிலுவை போட்டுக்கொண்டார்.

வலது மூலையில், தண்ணீர் வரப்போகிற இடத்தில், கையகலத்துக்கு ஒரு கட்டம் போட்டு ஒதுக்கி வைத்திருந்தார். என்னவென்று கேட்டேன். "அது எனக்கு சார்" என்றார். படகில் படகுக்காரர் பெயரும் அவர் பிள்ளைகள் பெயரும்தான் ஏறும். எழுதுகிறவரின் பெயரை எழுதுகிற வழக்கம் இல்லை. ஊரிலுள்ள பெயர்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர், தன் பெயரை வீட்டில் பழைய காலண்டரின் பின்பக்கம் எழுதி எழுதிப் பார்த்ததாக வியாகுலம் பின்னால் என்னிடம் காட்டிக்கொடுத்தார். 'ட்' அவருக்குத் திருப்தியாக வரவில்லையாம்.

இனித் தண்ணீர்தான் பாக்கி. சேலையைச் செருகிக்கொண்டு, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "இதுவரைக்கும் போதுமா?" என்று பொதுவாகத்தான் கேட்டார். அங்கே ஆரம்பித்தது வினை.

மைத்துனரின் வயல் தலைமடையில் இருக்கிறது. மடையைத் திறந்ததும் முதல் தண்ணீர் அவருக்கு. பாதிக் கண்மாய் இருந்தால் அவர் விளைச்சலை எடுத்துவிடுவார். "கோட்ட எறக்கு தாயி, இம்புட்டுத் தண்ணி நம்ம ஊருல எங்க நிக்கிது?" என்றார். அவருடைய பங்காளி மகன் மாரிச்செல்வத்துக்கு நிலம் கடைமடையில், எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகு மிஞ்சினால் போகிற இடத்தில். அவன் சாக்பீஸை வாங்கிக் கலுங்கின் தலையை ஒட்டி ஒரு கோடு போட்டான். "கலுங்கு தட்டி நிக்கணும். அதுதான் கண்மாய்." முருகலட்சுமிக்குக் கண்மாயின் உள்வாயிலேயே, தண்ணீர் பின்வாங்கினால் வெளியே வருகிற நிலத்தில், மிளகாய். கலுங்கு தட்டினால் அவர் செடி முழுகிப்போகும். "ஏலே, ஒனக்கு நெல்லு வெளையணும்னு எம் மொளகாய முக்கிருவியா?" என்று மாரிச்செல்வத்தின் கோட்டை முந்தானையால் அழித்துவிட்டு, கரைக்கு வெகு கீழே ஒன்று கிழித்தார்.

சுவரில் இருக்கிற தண்ணீருக்கு இத்தனை அடிதடியா என்று நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "ஒங்களுக்கு என்ன மாப்ள, ஒண்ணாந் தேதி ஆனாத் தண்ணி வந்துரும்" என்றார் மைத்துனர். ஆளாளுக்கு நாட்டாமை. நாளுக்கு நாள் கோடுகள் கூடின. போகிறவர் வருகிறவரெல்லாம் சாக்பீஸை எடுத்தார்கள். யாருடைய நிலம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கிராம வரைபடம் பார்க்க வேண்டியதில்லை, அந்தச் சுவரைப் பார்த்தால் போதும்.

அனிட்டா பிரஷைப் பல்லில் கடித்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஏணியில் உட்கார்ந்திருந்தார். "எங்க கடலுக்கு மட்டம் கெடையாது சார். ஏறும், எறங்கும். எம்புட்டு நிக்கணும்னு யாரும் கேட்டதில்ல" என்றார். பால்காய்ப்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மைத்துனர் வெள்ளையடிக்கிற ஆளுக்கு ஒருமுறை போன் போட்டு வைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

அன்று மத்தியானம் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்த நாகலெட்சுமி அக்கா, சுவரிலிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டுத் தம்ளர்களைக் கீழே வைத்தார். "தண்ணி என்ன நம்மகிட்டக் கேட்டுட்டா நிக்கிது? இப்பத்திக்கு வீட்டுக்காரவுக சொல்ற மட்டத்துல போடு தாயி. ஐப்பசி, கார்த்திகையில மழ பேயட்டும். கண்மாய்ல எம்புட்டு நிக்கிதோ, நீ வந்து அந்த மட்டத்துக்கு இங்கயும் மாத்திப் போட்டுரு. வருசா வருசம் வா. அழிச்சு அழிச்சுப் போடு. ஜன்னல்னா அப்பிடித்தானே இருக்கணும்?"

மாரிச்செல்வத்துக்கு உடனே சமாதானமாகிவிட்டது. "சரி, ஐப்பசியில பாப்போம்" என்றான். முருகலட்சுமியும், "அப்ப மழைகிட்டப் பேசிக்கிறேன்" என்று மோரை எடுத்துக்கொண்டார். மைத்துனருக்குத் தன் கோடு நின்றதில் திருப்தி. அக்காவுக்கோ, ஒருத்திக்கு ஆயுசுக்கும் வேலை கொடுத்துவிட்ட சந்தோஷம்.

அனிட்டா பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப இதுவும் படகுதானாக்கா?" என்று கேட்டார்.

அக்காவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, மிகவும் வருத்தமாகவும் இருந்தது. அக்காவைத் தனியே அழைத்துச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் அக்கா தன் ஜன்னலை விட்டுக்கொடுத்துவிடுவார், அதுவும் நியாயமில்லை. ஏணியின் மேல் அனிட்டா பிரஷின் மயிரை விரலால் நீவி நேராக்கினார்.

"தண்ணிய மட்டுந்தானேக்கா அழிக்கணும்?"

"தண்ணிய மட்டுந்தான். மரத்தயும் பறவையையும் யாரு தொடச் சொன்னா?"

"சரிக்கா" என்று சேலையைச் செருகிக்கொண்டார்.

பால்காய்ப்பு நல்லபடியாக நடந்தது. வியாகுலம் வெள்ளைச் சட்டையில் வந்து, பந்தியில் சாம்பாரை இரண்டு தரம் வாங்கிக்கொண்டு, மனைவியின் சுவரைத் தூரத்தில் நின்றே பார்த்தார். வந்தவர்கள் யாரும் கடல் மாதிரி இருக்கிறது என்று சொல்லவில்லை. கண்மாய் மாதிரி இருக்கிறது என்றும் சொல்லவில்லை. நேரே படத்துக்குப் பக்கத்தில் போய், மடையில் தண்ணீர் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு, அந்த வருஷத்து விவசாயத்தைப் பேச ஆரம்பித்தார்கள். "ஒங்க வீட்டுச் செவுத்துலயும் ஒங்க வயலுக்குத்தான் பாயுதா சித்தப்பா?" என்று மாரிச்செல்வம் மட்டும் ஒரு தரம் குத்திக்காட்டினான். மைத்துனர் இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வெள்ளையடிக்கிற ஆள் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் குறைந்த பிறகு அனிட்டா கணவரின் சட்டையை மாட்டிக்கொண்டு சுவருக்கு வந்தார். வலது மூலையில் அந்தக் கையகல இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. மெல்லிய பிரஷை வாயில் வைத்தபடியே மைத்துனரிடம் கேட்டார்.

"அண்ணே, எம்புட்டு மழ பேஞ்சாலும் தண்ணி ஏறவே ஏறாத எடம் இதுல எது?"

மைத்துனர் எழுந்து வந்து, கரையின் மேல்முதுகைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு மேல எங்கிட்டு ஏறும்? கலுங்குலதான் வழிஞ்சிரும்ல. கரைய மீறி ஏறுனா அப்புறம் ஊரே இருக்காது தாயி." மாரிச்செல்வத்தைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். முருகலட்சுமியும் ஆட்டினார். தலைமடையும் கடைமடையும் உள்வாயும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

அனிட்டா சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார். தன் பெயருக்கென்று விட்டுவைத்திருந்த இடத்தில் 'கொடத்து மண்ணு' நிறத்தைப் பூசித் தண்ணீராக்கினார். நிமிர்ந்து ஏணியில் இரண்டு படி ஏறினார். கரைமேட்டில் பனையடிக்கு வந்ததும் இடது கையால் சேலையை எடுத்து, கால் மறையும்படி இறக்கிவிட்டார். பிறகு வாயிலிருந்த பிரஷை எடுத்து, அந்த உலர்ந்த மண்ணில் தன் பெயரின் முதல் எழுத்தை வைத்தார்.